இருப்புப் பதிவேடு, கருவி அறை

எனக்கு ராகம் தெரியாது. ஈரம் தெரியும்.
விண்ணப்பத்தில் 'இசைத் தகுதி' என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதித்தான் சேர்ந்தேன்.
தொகுப்பூதியம். சாவி இரண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே
சிங்கோனாப் பட்டை காயவைத்தார்களாம்.
சுவரை நக்கினால் இன்னும் கசக்கும் என்கிறாள்
வீணை இரண்டாம் ஆண்டு ரோஸ்லின்,
நக்கிப் பார்த்தவள் போலவே.
காயவைக்கக் கட்டிய கூடம்.
ஆனி பிறந்தால் புரட்டாசி முடிய
இதற்குள் ஒரு கைக்குட்டை காய்வதில்லை.

கூடலூர்ப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து
வருகைப் பதிவில் கையெழுத்திடாமல் நுழையும்.
முதலில் தம்புராக்களின் பிருடை ஊதும்,
திருகினால் திரும்பாது, முனகும்.
பிறகு மிருதங்கங்கள். வலந்தலை தொய்ந்து
தட்டினால் ஈரத்துணி துவைக்கும் சத்தம்.
பதினொன்றாம் எண்
எல்லாவற்றுக்கும் முந்திச் சளி பிடித்துக்கொள்ளும்.

ஹீட்டர் கேட்டுப் பதிவாளருக்கு நான்கு கடிதம்.
ஐந்தாவதற்குப் பதில் வந்தது:
கருவிகளுக்குக் குளிர்கால வசதி வழங்க
விதியில் இடமில்லை.
பிள்ளைகளுக்கே கம்பளி பற்றாத விடுதியில்
இதைக் கேட்டதற்கு எனக்கும் கொஞ்சம் வெட்கம்தான்.

அதனால் ஒரு பல்பு.
அறுபது வாட், பழைய குண்டு பல்பு.
மிருதங்கத்துக்கு ஒரு சாண் தள்ளி.
வீணைக்கு ஐந்து அடி. கிட்டே வைத்தால்
மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும்.
ஒருமுறை நகர்ந்தது. காந்தாரம் போச்சு என்று
விரிவுரையாளர் கத்தினார்.
காந்தாரம் எங்கே இருந்தது என்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தணிக்கைக்கு வந்தவர் சிவக்கொழுந்து,
சென்னையிலிருந்து, குரங்குக் குல்லாவோடு.
"ராத்திரியெல்லாம் எரியுதே, யாருக்கு?"
"மிருதங்கத்துக்கு சார்."
"படிக்குதா?"
நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.
விதியைப் படித்துக் காட்டினார். இவ்வறையில்
இசைக்கருவி தவிர வேறு பொருள் கூடாது.

திங்களன்று கழற்றினேன்.
வியாழன் செய்முறைத் தேர்வு.
கோத்தகிரி ஹாலன் தேர்வாளர் முன் உட்கார்ந்து
சுருதி சேர்க்கிறான், சேர்க்கிறான்,
கல்லால் புள்ளைத் தட்டித் தட்டி,
முக்கால் மணி நேரம்.
ஏறிய சுருதி அவன் கையை எடுத்ததும் இறங்குகிறது.
தேர்வாளர் கடிகாரம் பார்த்தார்.
வாசலில் டீயோடு நின்ற சிவக்கொழுந்து
டீ ஆறி ஆடை கட்டும்வரை நின்றார்.
ஹாலனுக்கு எத்தனை மதிப்பெண் என்று
நான் கேட்கவில்லை.

மறுநாள் பதிவேட்டை என் பக்கம் தள்ளி,
"இசைக்கருவின்னா எதுன்னு
விதியில விளக்கம் இல்லம்மா" என்றார். அவ்வளவுதான்.
ஊட்டி பஸ் ஹாரன் அடித்தது, ஓடினார்.

வரிசை எண் 213.
பொருள்: பல்பு.
வகை: தோலா நரம்பா துளையா கஞ்சமா என்று
ஒரு மதியம் முழுக்க யோசித்து
தோற்கருவி என்று போட்டேன்.
சுருதி: காலியாக விட்டேன்.
நிலை: எரிகிறது.

ஐப்பசியில் அது போய்விட்டது.
கருவி என்றான பிறகு தூக்கி எறிய முடியாது.
கழிவு செய்ய மூன்று கையெழுத்து,
அதில் ஒன்று துணைவேந்தருடையது.
நடுவட்டத்துக் கடையில் எல்.இ.டி.தான் இருந்தது.
"நல்ல வெளிச்சம்க்கா, தொட்டாலும் சுடாது" என்று
பெருமையாக நீட்டினான்.
வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

கூடலூர் இறங்கி
கோழிக்குஞ்சுக்குப் பல்பு விற்கிற கடையில் இரண்டு வாங்கினேன்.
ரசீதில் 'பண்ணை உபயோகம்' என்றிருக்கிறது.
இந்த அறுபது ரூபாயை
எந்தத் தலைப்பில் கேட்பது என்று தெரியவில்லை.

மணி பத்தரை. பதினொன்றாம் எண்ணை
ஒரு விரலால் சுண்டிப் பார்த்தேன்.
இன்னும் இருக்கிறது ஈரம்.
கொஞ்சம் பொறுத்துப் பூட்டலாம்.